பிள்ளைகளின் ஏமாற்றத்திற்கும் செவிகொடுப்போம்





அனிமே எனப்படும் ஜப்பானிய இயங்கு சித்திரத் தொடர்களும், அவற்றுள் பலவற்றுக்கு மூலமான மங்கா எனும் சித்திரக் கதைகளும் இன்று நம் இல்லங்களுக்குள் வந்துவிட்டன. அவை தமிழிலேயே பேசவும் தொடங்கிவிட்டன. 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்' திரைப்படம் தமிழ்க் குரலோடு திரையரங்குகளுக்கு வந்தது. விருத்தாசலம் போன்றதோர் ஊரில் மஃரிபுக்குப் பின் ஓத வரும் பிள்ளைகளும் இக்கதைமாந்தரின் பெயர்களைத் தடுமாறாமல் சொல்கிறார்கள்.

இப்பிள்ளைகளின் பேச்சை உற்றுக் கேட்டால் ஓர் உண்மை புலப்படும். அவர்கள் புகழ்ந்து பேசுவதைவிடக் குறைப்பட்டுக்கொள்வதே மிகுதி. "கடைசியில் கெடுத்துவிட்டார்கள்", "இரண்டாவது சீசன் வீணாகிவிட்டது" என்பனவே அவர்களிடம் அடிக்கடி எழும் சொற்கள். பெரியவர்களாகிய நாமோ, "அதை ஏன் பார்க்கிறாய்?" என்ற ஒரே கேள்வியோடு அப்பேச்சை முடித்துவிடுகிறோம். உருவங்களை வரைவது பற்றிய மார்க்கச் சட்டத்தை உலமாக்கள் விரிவாக ஆய்ந்திருக்கிறார்கள். அதனை இங்கே நாம் எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகளின் அந்த ஏமாற்றத்தைப் பற்றியே பேச விரும்புகிறோம். ஏனெனில் ஏமாற்றம் என்பது உள்ளத்திலுள்ள தராசு அசைவதன் அடையாளம். அத்தராசை நேராகப் பிடிக்கக் கற்பிப்பது தீன் கல்வியின் ஒரு பகுதி.

அவசரத்தில் வெடித்த பாண்டம்

'தி ப்ராமிஸ்டு நெவர்லேண்ட்' என்ற மங்கா 2016 முதல் 2020 வரை வெளிவந்து 20 தொகுதிகளில் நிறைவுற்றது. கதையை எழுதியவர் கையு ஷிராய். சித்திரம் தீட்டியவர் போசுகா டெமிசு. அன்பான 'அம்மா' ஒருவரின் பராமரிப்பில் வளரும் அநாதைப் பிள்ளைகள், தாங்கள் அரக்கர்களுக்கு உணவாகவே வளர்க்கப்படுகிறோம் என்று கண்டறிந்து தப்பிக்க முயல்வதே கதை. 2019 இல் வந்த முதல் சீசன் 12 எபிசோடுகளில் ஏறத்தாழ முதல் ஐந்து தொகுதிகளை மட்டுமே நிதானமாகச் சொன்னது. ஒப்படைக்கப்பட்ட அமானிதத்துக்கு மோசடி செய்வது எத்தகைய கொடுமை என்பதை அது பார்ப்பவர் நெஞ்சில் பதித்தது.

2021 இல் வந்த இரண்டாம் சீசனோ, எஞ்சிய கதை அனைத்தையும் 11 எபிசோடுகளில் அடைக்க முயன்றது. வாசகர்கள் பெரிதும் விரும்பிய 'கோல்டி பாண்ட்' பகுதி முழுவதும் விடுபட்டது. யூகோ என்ற முக்கியமான பாத்திரமே இல்லாமற்போனது. இறுதி எபிசோடில், பல தொகுதிகளுக்கு உரிய நிகழ்வுகள் அசையாப் படங்களாக வரிசையாய் ஓடி மறைந்தன.

நம் ஊரார்க்கு இதனை விளக்க வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. இங்குள்ள பீங்கான் தொழிற்கூடங்களில் அச்சிலிருந்து எடுத்த பொம்மையை நன்கு உலரவிட்ட பிறகே சூளையில் ஏற்றுவார்கள். ஈரம் காயாமல் ஏற்றினால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகிப் பாண்டத்தை வெடிக்கச் செய்யும். மண்ணில் குறையில்லை, கைத்திறனிலும் குறையில்லை. பொறுத்திருக்க மனமில்லாமையே குறை. ஒருவர் ஒரு வேலையைச் செய்தால் அதனை நேர்த்தியாகச் செய்வதை அல்லாஹ் விரும்புகிறான் என்ற கருத்தில் வரும் நபிமொழியை பைஹகீ பதிவு செய்துள்ளார். இந்தத் தொடரைப் பற்றி ஒரு பிள்ளை குறைப்பட்டால், அந்த நபிமொழியின் பொருளை அவன் பாதி உணர்ந்துவிட்டான் என்றே கொள்ளலாம்.

மறுபாதியை நாம் சொல்லித்தர வேண்டும். ஒரு தொடர் சரியில்லையென்றதும் ரசிகர்களின் வசை பெரும்பாலும் வரைந்த ஓவியர்கள் மீதே பாய்கிறது. 2023 இல் 'ஜுஜுட்சு கைசென்' தொடரின் இரண்டாம் சீசன் ஒளிபரப்பாகிக்கொண்டிருந்தபோதே, அதில் உழைத்த ஓவியர்கள் சிலர் கால நெருக்கடியைப் பற்றிச் சமூக ஊடகங்களில் வெளிப்படையாகக் குமுறினார்கள். உழைப்பாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடுங்கள் என்று கற்பித்த மார்க்கம் நம்முடையது. வரைந்த கை யாருடையது, நாளைக் குறித்தவர் யார் என்று பிரித்துப் பார்க்காமல் திட்டுவது விமர்சனம் ஆகாது, அது அநீதி.

பெருங்கொலைக்கு நன்றியா?

இரண்டாவது எடுத்துக்காட்டு இன்னும் கனமானது. ஹஜிமே இசயாமாவின் 'அட்டாக் ஆன் டைட்டன்' 2009 இல் தொடங்கி 2021 ஏப்ரலில் 139 ஆம் அத்தியாயத்தோடு முடிந்தது. மதில்களுக்குள் அடைபட்டு, உலகத்தாரால் வெறுக்கப்பட்ட ஒரு கூட்டத்தின் கதை அது. நாயகன் எரன் தன் மக்களைக் காப்பதாகச் சொல்லி, இராட்சதர்களை ஏவி மனிதகுலத்தின் 80 விழுக்காட்டினரை மிதித்து அழிக்கிறான். மங்காவின் இறுதி அத்தியாயத்தில் அவனுடைய நண்பன் அர்மின், தங்களுக்காகப் பெருங்கொலைகாரனாக மாறியதற்கு அவனுக்கு நன்றி கூறுகிறான்.

உலகெங்கும் வாசகர்கள் இதனைக் கண்டு அதிர்ந்தார்கள். ஓர் உயிரை அநியாயமாகக் கொல்வது மனிதர் அனைவரையும் கொல்வதற்கு ஒப்பானது என்று அல்குர்ஆன் (5:32) போதிப்பதை ஓதி வளரும் பிள்ளைக்கு அந்த அதிர்ச்சி இருமடங்காக இருக்க வேண்டும். காஸாவின் இடிபாடுகளை அன்றாடம் செய்திகளில் காணும் பிள்ளைகள் இவர்கள். "எம் மக்களின் பாதுகாப்புக்காக" என்ற சொல்லின் பின்னே எத்தனை மையித்துகள் கிடக்கின்றன என்பதை அவர்கள் அறிவார்கள். கற்பனைக் கதைதானே என்று இதனைத் தள்ளிவிட இயலாது. ஒரு கொலைகாரனை ஆண்டுக்கணக்கில் நேசித்துப் பழகிய உள்ளம், இறுதியில் அவன் குற்றத்துக்கும் நியாயம் தேடத் தொடங்கிவிடும்.

நீதியோடு பேசுவதாயின் மற்றொன்றையும் சொல்ல வேண்டும். 2023 நவம்பரில் வெளியான அனிமேயின் இறுதிப் பகுதியில் அந்த உரையாடல் மாற்றப்பட்டது. அங்கே அர்மின் அக்குற்றத்தில் தனக்கும் பங்குண்டு என ஏற்கிறான். அதற்குரிய தண்டனையிலும் உடனிருப்பதாகச் சொல்கிறான். ஆக, நன்றியுரை இருந்த இடத்தில் பழியை ஏற்கும் சொல் வந்தது. வாசகர்கள் எழுப்பிய கேள்வியின் நியாயத்தை இம்மாற்றமே காட்டுகிறது. குறை சொன்னவர்கள் வாய் மூடியிருந்தால் இது நடந்திருக்குமா?

மங்கா என்றாலே உயிரை மலிவாக்கும் கலை என்று எண்ணிவிடவும் கூடாது. ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது ஆறு வயதாயிருந்த கெய்ஜி நகசாவா, அவ்வழிவில் தம் தந்தையையும் உடன்பிறந்தாரையும் இழந்தவர். அவர் 1973 இல் தொடங்கிய 'பேர்ஃபுட் ஜென்' ஒவ்வொரு மரணத்தையும் ஒரு வீட்டின் இழப்பாகவே காட்டியது. அத்தகைய படைப்பைத் தந்த கலைமரபு இது என்பதை அறிந்தவர்க்கே, பின்னால் வந்த படைப்பின் தடுமாற்றம் எவ்வளவு பெரிது என்பது விளங்கும்.

அறியாமையால் நேர்ந்த அவமதிப்பு

மூன்றாவது நம் ஈமானை நேரடியாகத் தொட்டது. 'ஜோஜோஸ் பிஸார் அட்வென்ச்சர்' மங்காவைத் தழுவி எடுக்கப்பட்ட ஒரு காணொளித் தொடரில், கொடியவனான டியோ ஒரு நூலைப் படித்தவாறே கொலைக்கு ஆணையிடும் காட்சி வருகிறது. அந்நூலின் பக்கத்தில் இருந்தவை அல்குர்ஆனின் சூரா அர்ரஃது வசனங்கள். அரபு நாட்டுப் பார்வையாளர்கள் இதனைக் கண்டுபிடித்துக் கண்டித்தார்கள். 2008 மே மாதத்தில் பதிப்பகமான ஷூயேஷாவும் தயாரிப்பு நிறுவனமும் முஸ்லிம்களிடம் மன்னிப்புக் கோரின, விற்பனையையும் நிறுத்தின.

இங்கே உண்மை நிலவரம் முக்கியமானது. மூல மங்காவில் குர்ஆன் வசனம் எதுவும் இல்லை. காட்சிக்கு அரபு எழுத்துத் தேவைப்பட்டபோது, தயாரிப்புக் கூடத்தில் இருந்தவர்கள் இன்னதென்று அறியாமலேயே அப்பக்கத்தை எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள். குற்றம் குற்றமே, அல்லாஹ்வின் வேதத்தை அலங்காரக் கோடுகளாக எண்ணியது பெரும் அலட்சியம். ஆயினும் அறியாமையும் பகைமையும் ஒன்றல்ல. செய்தி வந்தால் தெளிவுபடுத்திக்கொள்ளும்படியும் (49:6), ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதியிலிருந்து பிறழச் செய்யக் கூடாது என்றும் (5:8) அல்லாஹ் நமக்குக் கட்டளையிட்டிருக்கிறான். அன்று கண்டித்தவர்கள் சான்றோடு கண்டித்தார்கள். அதனால் பதில் கிடைத்தது. இன்று ஒருவர் அனுப்பும் துண்டுக் காணொளியைப் பார்த்த மாத்திரத்தில், முழுவதும் அறியாமல் பத்துப் பேருக்கு அனுப்பிவைக்கும் வழக்கத்தால் யாருக்கு என்ன பயன்?

நாம் செய்ய வேண்டியது

"இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? அனைத்தையும் தடுத்துவிட்டால் போகிறது" என்று சிலர் கூறலாம். தடுக்க வேண்டியதைத் தடுக்கத்தான் வேண்டும். மேற்சொன்னவை சிறுவர்க்கான தொடர்கள் அல்ல. இரத்தமும் கொடூரமும் நிறைந்தவை. வயதறிந்து விலக்குவது பெற்றோரின் பொறுப்பு. ஆனால் பதினாறு வயதுப் பிள்ளையின் கையில் கைப்பேசி இருக்கும் காலத்தில் தடை மட்டும் எவ்வளவு தூரம் காக்கும்? நம்மிடம் பேச முடியாததை அவன் முகமறியாதவர்களிடம் பேசுவான். பெருங்கொலை சரியா, தவறா என்ற கேள்விக்கான விடையையும் அவர்களிடமிருந்தே பெற்றுக்கொள்வான். நாம் இழப்பது ஒரு பொழுதுபோக்கின் மீதான கட்டுப்பாட்டை அன்று. நன்மை தீமையைப் பற்றிப் பிள்ளை முதலில் யாரிடம் கேட்கிறான் என்ற இடத்தையே இழக்கிறோம்.

எனவே பிள்ளை குறைப்பட்டுக்கொள்ளும்போது சில கேள்விகளைக் கேட்போம். நீயே முழுவதும் பார்த்தாயா, பிறர் சொல்லக் கேட்டாயா? குறை எதில் இருக்கிறது: வரைந்ததிலா, அவசரத்திலா, சொல்லிய கருத்திலா? அதில் நல்லது ஏதும் இல்லையா? 'அட்டாக் ஆன் டைட்டன்' பார்த்த வளர்ந்த பிள்ளையாயின், "மிதிபட்டுச் செத்தவர்களில் ஒருவருடைய வீட்டிலிருந்து இக்கதையைச் சொல், பார்ப்போம்" என்று கேட்போம். அதன் பிறகு ஐந்தாம் அத்தியாயத்தின் அந்த வசனத்தை ஓதி விளக்கினால், அது அவன் உள்ளத்தில் தங்கும்.

நீதியோடு குறைகாணப் பழகிய பிள்ளை நாளை செய்தித்தாளையும் அரசியல் மேடையையும் அவ்வாறே எடைபோடுவான். நம் ஜமாஅத்தின் நடப்புகளையும் அவ்வாறே பார்ப்பான். அதற்கும் நாம் ஆயத்தமாக இருப்போம்.

நம் பிள்ளைகளுக்கு உண்மையை உண்மையாகக் கண்டு பின்பற்றவும், பொய்யைப் பொய்யாகக் கண்டு விலகவும் அல்லாஹ் அருள்புரிவானாக. அவர்களின் பேச்சைப் பொறுமையோடு கேட்கும் உள்ளத்தை நமக்கும் தருவானாக. ஆமீன்.