முதல் நாள் அளவீடு போதாது

காந்தப்புலத்தில் இறுகும் எம்.ஆர். (காந்தப்பாய்வியல்) திரவம் பற்றி நம் இதழுக்கு வரும் கட்டுரைகளில் ஒரு வரைபடம் தவறாமல் இருக்கும். காந்தப்புலம் ஏற ஏற விளைவுத் தகைவும் ஏறி, 50 முதல் 100 கிலோபாஸ்கலுக்குள் எங்கோ தெவிட்டி நிற்கும். அதில் பிழை ஏதும் இல்லை. ஆனால் அது அன்று கலக்கி அன்றே அளந்த திரவத்தின் வரைபடம். மாதக்கணக்கில் அசையாமல் கிடந்த டேம்பரில் அந்த எண் என்ன ஆனது? இலட்சக்கணக்கான முறை ஓடிய பிறகு? எழுதுவோர் அரிது.

மின்புலத்தில் இறுகும் திரவத்துக்கு வில்லிஸ் வின்ஸ்லோ 1947இல் காப்புரிமை பெற்றார். ஜேக்கப் ராபினோவின் காந்தத் திரவ கிளட்ச் அதே காலத்தது. மேக்னரைடு டேம்பர் காடிலாக் காரில் ஏறியதோ 2002இல். இடைப்பட்ட அரை நூற்றாண்டுக்கு மின்னணுக் கட்டுப்பாடு வளராதது ஒரு காரணம். திரவம் நீடித்து உழைக்காதது இன்னொன்று.

அதன் வேர் துகளில் இருக்கிறது. சில மைக்ரான் அளவுள்ள கார்போனைல் இரும்பு, தன்னைத் தாங்கும் எண்ணெயைவிட ஏழெட்டு மடங்கு அடர்த்தியானது, படியத்தான் செய்யும். பழைய பெயின்ட் டப்பாவைப் போல் அடியில் கட்டிவிட்டால் மறுபடி கலப்பது கடினம். இதைவிடக் கவலைக்குரியது ஓட ஓடத் திரவம் தடிப்பது. அழுத்தத்தில் துகளின் நொறுங்கும் மேற்தோல் உதிர்ந்து, அந்த நுண்தூள் எண்ணெயைக் கூழாக்குகிறது. புலம் இல்லாத நிலையின் பாகுநிலைதான் முதலில் கெடுகிறது. எம்.ஆர். திரவம் வைத்த செயற்கை முழங்காலை எண்ணிப் பாருங்கள்: கால் முன்வீசும் கணத்தில் திரவம் தடுக்கவே கூடாது. தடித்தால், ஒவ்வோர் அடியிலும் அந்த இழுவையைச் சுமப்பவர் அணிந்திருப்பவர். எனவே உச்சத் தகைவைக் காட்டிலும் புலம் உள்ள, இல்லாத இரு நிலைகளுக்கும் இடையிலான விகிதத்தையே நான் முதலில் பார்ப்பேன்.

மென்ரோபோ ஆய்வுகளில் வேறொரு கவனக்குறைவு தெரிகிறது. மின்புலத்தில் இறுகும் மின்பாய்வியல் திரவத்தின் வால்வு இத்துறைக்கு அழகாகப் பொருந்துகிறது: இரண்டு மின்முனைகள், நடுவே திரவம், அசையும் உறுப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அத்திரவங்களில் பல சிலிக்கோன் எண்ணெயில் செய்யப்படுகின்றன; விரலும் குழாயும் சிலிக்கோன் ரப்பரில் வார்க்கப்படுகின்றன. சிலிக்கோன் ரப்பர் சிலிக்கோன் எண்ணெயை உறிஞ்சி ஊதும். சுவர் தளர்கிறது, எண்ணெய் குறைகிறது, துகள் செறிவு கூடுகிறது. ஒரு வாரத்துக்குப் பின் அது வேறு வால்வு. மில்லிமீட்டருக்குச் சில கிலோவோல்ட் தாங்க வேண்டிய இடைவெளியும் மாறியிருக்கும். காந்த வகையிலோ உடல் மென்மையாக இருந்தும், இரும்பும் கம்பிச்சுருளும் எடையைக் கூட்டிவிடுகின்றன. அந்த எடையைச் சேர்க்காத திறன்–எடைக் கணக்கை நான் ஏற்கத் தயாரில்லை.

உணரிகளில் நிலைமை மேல். நுண்துகள் காந்தத் திரவமான ஃபெர்ரோஃப்ளூயிடின் துகள் 10 நானோமீட்டர் அளவே. வெப்ப அசைவே அதை மிதக்க வைக்கும். சாய்வு உணரியின் சுழிப்புள்ளி நகராதிருக்க அது உதவுகிறது. இறுகும் வலிமை அதில் மிகக் குறைவு என்பதால் இயக்கி செய்பவர்கள் மைக்ரான் துகளைவிட்டு விலக முடிவதில்லை.

ஆகவே எழுதும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். புலம் இல்லாத பாகுநிலையை ஓட்டத்துக்கு முன்பும் பின்பும் அளந்து தாருங்கள். எத்தனை நாள் அசையாமல் வைத்தீர்கள், பிறகு எளிதில் கலந்ததா என்று எழுதுங்கள். சுவர்ப் பொருளைத் திரவத்தில் ஊறவைத்து எடை மாற்றத்தைக் குறியுங்கள். திரவம் கெட்டுப்போன சோதனையாக இருந்தால், அதையும் முழுமையாக அனுப்புங்கள், வெளியிடுகிறோம்.