பாம்பு கடித்தால் பெரியாஸ்பத்திரி வரை உயிர் தாங்குமா?



மலைக்கே நாகம்னு பேர் வச்ச ஊர் நம்ம ஊர். ராத்திரி மடை திறக்கப் போனால் வரப்பில் கண்ணாடி விரியன் கிடக்கும். நாட்டில் வருஷத்துக்குச் சுமார் 58,000 பேர் பாம்புக்கடியில் சாகிறார்கள் என்கிறது ஆய்வு. பெரும்பாலும் கிராமத்துச் சனம்தான். 2024-ல் தமிழக அரசும் இதை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கியது. சரி, ஊசி எங்கே?

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் ஒரே மருந்துதான். அதற்கு விஷம் எடுத்துக் கொடுப்பதே நம்ம வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கம். அந்த மருந்துக்கு நாம் ராத்திரியில் மதுரைக்கு ஓடணுமா? "ஊசி ஒத்துக்காமப் போகலாம், டாக்டர் இல்லை" என்று சீட்டு எழுதி அனுப்புவது வைத்தியமா? அதற்குத்தானய்யா டாக்டரைப் போடச் சொல்கிறோம்!

நம்ம ஆட்களும் கயிற்றை இறுக்கிக் கட்டி, கடிவாயைக் கீறி, மந்திரிக்க ஓடுவதை விடணும். கடிபட்ட காலை அசைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

அரசே! ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் 24 மணி நேரமும் டாக்டரையும் விஷமுறிவு மருந்தையும் அட்ரினலினையும் வை! கையிருப்பு எத்தனை குப்பி என்று வாசல் பலகையில் தினமும் எழுது!