ஏரியும் எல்லைக்கோடும்

லடாக்கிலிருந்து திபெத்து வரை 130 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கின்றது பாங்காங் ஏரி. அதன் உயரம் கடல்மட்டத்துக்கு மேல் 4,200 மீற்றருக்குக் குறையாது. நான் அதனை நேரிற் கண்டவனல்லன். தேசப்படத்திலும் செய்தித்தாள்களிலுமே அறிந்தவன். அவ்வாறு அறிந்ததிலுள்ள ஒரு குறையே என் உள்ளத்தை உறுத்துகின்றது.

ஏரியின் குறுக்கே செல்லும் கட்டுப்பாட்டுக்கோடு எது என்பதில் இந்தியாவும் சீனாவும் உடன்பட்டில. 2020 மே மாதத்தில் அதன் வடகரையில் இருநாட்டுப் படையினரும் கைகலந்தனர். கரையை நோக்கி இறங்கும் மலைமுகடுகளுக்குப் படையினர் வழங்கும் பெயர் ‘விரல்’. நான்காம் விரல், எட்டாம் விரல் என்று நாமும் பத்திரிகை படித்து ஒப்புவித்தோம். ஏரியின் இயல்பை வினவினோமில்லை.

நிலத்தையும் பொழுதையும் கூறிய அளவில் நம் முன்னோர் அமைந்தாரல்லர். அந்நிலத்துத் தெய்வம், உணவு, விலங்கு, பறவை, தொழில் முதலிய கருப்பொருளையும் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. அவ்வழி நோக்கின் பாங்காங் வேறொன்றாகத் தோன்றும். முன்னொரு காலத்தில் அதன் நீர் ஷியோக் ஆற்றின் வழியே சிந்துவிற் கலந்தது. போக்கு அடைபட்டபின் மேற்குப் பகுதி உவர்த்தது. உவர்நீராயினும் குளிர்காலத்தில் உறைந்து பாறைபோலாகின்றது. அவ்வுயர்நிலத்து ஏரிகளிற் குஞ்சு பொரிக்கும் வரித்தலை வாத்துகள் இமயத்தைக் கடந்து தெற்கே வருகின்றன. திருநெல்வேலிக் கூந்தன்குளத்திலும் அவ்வினத்தைக் காணலாம். கரையோர மேட்டுநிலங்களிற் சாங்பா மக்கள் ஆடு மேய்க்கின்றனர். பஷ்மினா என உலகம் விலைகொடுத்து வாங்கும் மெல்லிய கம்பளி அவ்வாடுகளின் உரோமமே.

‘எல்லை காத்தல் அரசின் கடனன்றோ?’ என்பார் உளர். அதனை நான் மறுக்கவில்லை. ஆயின் 1960இல் இருநாட்டு அதிகாரிகளும் எல்லை பற்றிக் கூடிப் பேசியபோது, மேய்ச்சல் வழக்கத்தையும் தத்தம் உரிமைக்குச் சான்றாக எடுத்துக் காட்டினர். அன்று மேய்ப்பன் சாட்சி. 2021 பெப்ரவரியில் இரு படைகளும் கரைகளிலிருந்து பின்வாங்கின. இருசாராரும் காவல் செல்லாத வெளியொன்று நடுவே அமைந்தது. மோதல் தணிந்தமை நன்றே. எனினும், வழிவழியாக மேய்த்துவந்த குளிர்கால நிலங்களுக்குச் செல்ல இயலவில்லை என்று லடாக்கின் மேய்ப்பர்கள் முறையிட்டனர். நிலத்துக்குச் சாட்சி சொல்லத் தகுந்தவன், அதில் ஆட்டை ஓட்டிச் செல்லத் தகாதவனாயினான்!

ஆசிரிய அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வகுப்பறையில் அவ்வேரியைச் சுட்டிக்காட்டும்போது, எல்லைக்கோட்டுக்கு முன்னர் ஆட்டையும் வாத்தையும் மேய்ப்பனையும் சொல்லுங்கள். கோட்டை மட்டும் கற்ற மாணவன், ‘அது யாருடைய நிலம்?’ என்று கேட்பதோடு நின்றுவிடுவான். கருப்பொருளையும் கற்றவன், ‘அங்கே வாழ்வோர் யாவர்? அவர்கள் கதி யாது?’ என்றும் கேட்பான். அவ்விரண்டாம் வினாவைக் கேட்கத் தூண்டாத கல்வி, கல்வியாகாது என்பது என் துணிபு.