தலைவலிக்கு இரத்தம் சாட்சி சொல்லுமா?

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது நம் முன்னோர் வாக்கு. இவ்விரண்டினுள் காய்ச்சலுக்கு இன்று சாட்சி உண்டு. வெப்பமானியை வைத்துப் பார்த்தால் அயலாரும் அதனை அறிவர். தலைவலிக்கோ அத்தகைய சாட்சி இல்லை. மைக்ரேன் என்று சொல்லப்படும் ஒற்றைத் தலைவலியை, 'இதோ இருக்கிறது' என்று காட்டவல்ல இரத்தப் பரிசோதனை ஒன்றும் இன்றுவரை மருத்துவ வழக்கத்திற்கு வரவில்லை.

"இரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரியாதா?" என்று மகர்பட்டாவில் வாழும் நம் அன்பர் சிலர் வினவினர். அவ்வினாவுக்கு விடையாகவே இத்திங்கள் இப்பகுதி அமைகின்றது. நாம் மருத்துவர் அல்லோம். இரயில்வேயில் பேரேடு எழுதுபவர். ஆயினும், அறிஞர்கள் கண்டு வெளியிட்டவற்றை எளிய முறையில் எடுத்துரைத்தல் நம்மால் இயலும் என்று நம்புகிறோம்.

இந்நோய் அரிதானதன்று. பெங்களூர் நகரிலும் அதனைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் 18 முதல் 65 வயது வரையுள்ள 2,329 பேரை வினவி ஆராய்ந்து, 2015-ஆம் ஆண்டில் முடிவு வெளியிட்டனர். ஓராண்டுக் காலத்தில் ஒற்றைத் தலைவலியால் வருந்தியோர் நூற்றுக்கு ஏறத்தாழ 25 பேர். அதாவது நால்வரில் ஒருவர். ஆடவரினும் பெண்டிரையே இது மிகுதியாகப் பற்றுகிறது. உறக்கக் குறைவும் வேளை தவறிய உணவும் இதனைத் தூண்டவல்லன. அயல்நாட்டுக் கடிகாரத்திற்கு ஏற்ப இரவில் கணிப்பொறி முன் அமர்ந்து பணிபுரியும் மகர்பட்டா இளைஞர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இந்நோயின் அடையாளத்தைத் தேடும் முயற்சி நெடுங்காலமாகவே நடந்து வருகிறது. 1961-இல் இத்தாலிய அறிஞர் சிக்குத்தேரியும் அவர்தம் துணைவரும், தலைவலி தாக்கும் வேளையில் செரோட்டோனின் என்னும் பொருளின் கழிவு சிறுநீரில் மிகுவதைக் கண்டனர். செரோட்டோனின் வழியே சென்ற ஆராய்ச்சி, பிற்காலத்தில் டிரிப்டான் வகை மாத்திரைகளுக்கு வித்திட்டது.

1990-இல் சுவீடன் நாட்டு லார்ஸ் எட்வின்சனும் ஆஸ்திரேலியரான பீட்டர் கோட்ஸ்பியும் மற்றோர் அடையாளத்தை வெளியிட்டனர். வலி தாக்கிக்கொண்டிருக்கும்போதே கழுத்து நரம்பில் ஓடும் இரத்தத்தை எடுத்துச் சோதித்ததில், சி.ஜி.ஆர்.பி. என்னும் சிறு புரதப் பொருள் மிகுந்திருக்கக் கண்டனர். கைநரம்பில் எடுத்த இரத்தத்திலோ அம்மிகுதி காணப்படவில்லை!

இதனை நம் தொழிலால் விளக்கலாம். வண்டி வந்து நின்றவுடன் நிலைய வாயிலில் நின்று எண்ணினால், இறங்கிய பயணிகள் எத்தனை பேர் என்பது தெரிந்துவிடும். அவர்கள் ஊருக்குள் கலைந்து சென்றபின் கடைத்தெருவில் நின்று எண்ணினால் என்ன தெரியும்? கழுத்து நரம்பு நிலைய வாயில், கைநரம்பு கடைத்தெரு. மேலும் சி.ஜி.ஆர்.பி. இரத்தத்தில் சில நிமிடங்களிலேயே சிதைந்துபோகும் இயல்புடையது.

இதனால் ஆராய்ச்சியாளரிடையே கருத்து வேற்றுமையும் எழுந்தது. 2005-இல் டென்மார்க் நாட்டார் கழுத்து இரத்தத்தையே மீண்டும் சோதித்து, மிகுதி ஒன்றும் காணவில்லை என்றனர். 2013-இல் ஸ்பெயின் நாட்டார், நாட்பட்ட ஒற்றைத் தலைவலியுள்ள பெண்டிருக்கு வலி இல்லாத நாளிலும் கைநரம்பு இரத்தத்தில் அப்பொருள் மிகுந்திருப்பதாக அறிவித்தனர். 2022-இல், நோயாளர் ஓர் இலட்சத்திற்கு மேற்பட்டோரின் மரபணுக்களை ஆராய்ந்தவர்கள், நோயோடு தொடர்புடைய இடங்கள் 123 எனக் கண்டனர். இத்தனை வேர்களையுடைய நோய்க்கு ஒற்றை அடையாளம் எளிதில் அகப்படுமா?

ஆயினும் உழைப்பு வீண்போகவில்லை. சி.ஜி.ஆர்.பி.யை நோயாளரின் உடலில் செலுத்தினால் தலைவலி எழுகிறது என்பது 2002-இல் தெளிவாயிற்று. அப்பொருளின் செயலைத் தடுத்து நோய் வராமற் காக்கும் ஊசிமருந்து 2018-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. எட்வின்சன், கோட்ஸ்பி முதலிய நால்வர் 2021-இல் 'பிரெய்ன் பிரைஸ்' என்னும் உயரிய பரிசைப் பெற்றனர். சாட்சியைத் தேடிச் சென்றவர்களுக்கு மருந்து கிடைத்தது எனலாம்.

அங்ஙனமாயின் இன்று மருத்துவர் இந்நோயை எவ்வாறு தேர்கின்றார்? நோயாளியின் சொல்லைக் கேட்டே தேர்கின்றார். மருந்தின்றி விட்டால் வலி நான்கு மணி முதல் எழுபத்திரண்டு மணி வரை நீடிக்கின்றதா? ஒரு பக்கமாகத் துடிக்கின்றதா? நடந்தால் மிகுகின்றதா? குமட்டல் உண்டா? ஒளியும் ஓசையும் பொறுக்கவில்லையா? இத்தகைய தாக்குதல் ஐந்து முறையேனும் வந்ததா? இவையே உலகெங்கும் மருத்துவர் கைக்கொள்ளும் அளவுகோல். இரத்தப் பரிசோதனையும் தலைப் படமும் பிற நோய் இல்லை என உறுதி செய்யவே பயன்படும். ஆதலின், ஒற்றைத் தலைவலியைக் கண்டுபிடிக்கவென்று தாமாகவே பரிசோதனைத் தொகுப்புகளுக்குப் பணம் செலுத்துதல் வேண்டா.

அதனினும் பயனுடையது ஒரு சிறு குறிப்பேடு. வலி வந்த நாள், நேரம், உண்டது, உறங்கியது, விழுங்கிய மாத்திரை ஆகியவற்றை எழுதி வருக. மும்பை மருத்துவர் கே. ரவிசங்கர், தலைக்குக் குளிப்பதால் ஒற்றைத் தலைவலி தூண்டப்பெற்ற 94 நோயாளரைப் பற்றி 2006-இல் எழுதினார். 'தலை முழுகினால் வலிக்கிறது' என்று நம் இல்லத்துப் பெண்டிர் கூறிவந்தது வெறும் சாக்கன்று என்பது இதனால் விளங்கும். மாத்திரைக் கணக்கும் இன்றியமையாதது. திங்களுக்குப் பத்து, பதினைந்து நாள் எனத் தொடர்ந்து வலிநீக்கிகளை விழுங்கினால், அவையே தலைவலியை வளர்க்கும்.

இடிபோல் திடீரெனத் தாக்கும் கடும் வலி, காய்ச்சலுடன் கழுத்து விறைத்தல், கைகால் தளர்தல், பேச்சுக் குழறல் இவற்றுள் எதனைக் கண்டாலும் குறிப்பேட்டை வைத்துவிட்டு உடனே மருத்துவமனைக்கு விரைக. ஐம்பது வயதிற்குமேல் புதிதாகத் தோன்றும் தலைவலியையும் காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் காட்டுக.

இறுதியாக ஒரு சொல். விடுப்பு விண்ணப்பத்தில் 'தலைவலி' என்று எழுதினால் மேலதிகாரி புன்முறுவல் பூப்பது எந்த அலுவலகத்திலும் உண்டு. அது போகட்டும். உற்றார் உறவினரைத் தொலைவில் விட்டுவந்து, ஈரறை வீட்டில் குடித்தனம் நடத்தும் நம்மவரிடையேயும் அப்புன்முறுவல் இருத்தலாகாது. மருமகள் விளக்கை அணைத்துப் படுத்தால் சோம்பல் என்றும், பிள்ளை கண்ணை மூடிக்கொண்டால் படிப்புக்கு அஞ்சுகிறான் என்றும் தீர்ப்புக் கூறாதிருப்போமாக. கணபதி விழாவின் பறையொலி தெருவை நிறைக்கும் நாளில் சன்னலைச் சாத்தி, தொலைக்காட்சியை நிறுத்தி, ஒரு குவளை நீர் கொண்டுபோய்க் கொடுப்பது நம்மால் ஆகக்கூடியதே. இரத்தம் சாட்சி சொல்லும் காலம் வரும்போது வரட்டும். அதுவரை நோயுற்றவர் சொல்லே சாட்சி. அதனை நம்புவோம்.