சங்கை எப்போது ஊதுவது?

1903 நவம்பர் 12-ந் தேதி. மேலே மைசூர் ராஜ்யத்து ஏரிகள் உடைந்தன. பாலாறு வாணியம்பாடிக்குள் புகுந்தது. ஏறக்குறைய 200 பேர் மாண்டார்கள். அவர்களுடைய நினைவுத் தூண் ஊரில் நிற்கிறது.

இன்று மழையைக் கணக்கிட்டு, வெள்ளம் வர எவ்வளவு வாய்ப்பு என்று கம்ப்யூட்டர் சொல்கிறது. நிச்சயமாகச் சொல்ல அதனாலும் முடியாது. அப்படியானால் எச்சரிக்கைச் சங்கை எப்போது ஊதுவது? பாதிக்கு மேல் வாய்ப்பு இருந்தால் ஊதலாம் என்பார்கள் சிலர். அது தப்புக் கணக்கு.

ஊதி, வெள்ளம் வராவிட்டால் தோல் ஷாப்பில் ஒரு நாள் கூலி போகும். ஊதாமல், வெள்ளம் வந்தால் உயிர் போகும். இரண்டும் ஒரே நஷ்டமா? பின்னது 20 மடங்கு என்று வைத்தாலும் (உயிரின் விலை அவ்வளவுதானா என்று கேட்காதீர்கள்!), 21-ல் 1 பங்கு வாய்ப்பைத் தாண்டியதுமே ஊத வேண்டும். வீண் சங்கு அதிகமானால் ஜனங்கள் அசட்டை செய்வார்கள். அந்த நஷ்டத்தையும் சேர்க்கட்டும்.

எத்தனை மடங்கு என்பது இயந்திரத்துக்குத் தெரியாது. அதற்கு எழுதிக் கொடுப்பவர்கள், ஆற்றோரத் தெருக்காரர்களைக் கேட்டு எழுதட்டும்.