செவியின் தீர்ப்பும் கண்ணின் குறுக்கீடும்

உயர்தர ஒலிபெருக்கியைத் தேர்ந்தெடுக்கச் செவி ஒன்றே போதும், அளவீடுகள் வீண் என்று நண்பர் ஒருவர் எழுதியிருப்பதில் முற்பாதியை மனமார ஏற்கும் நான், பிற்பாதியை அடியோடு மறுக்கிறேன். செவியே இறுதிப் பிரமாணம் என்பது மெய்; ஆனால் விலையையும், மெருகேறிய மரப்பெட்டியையும், உற்பத்தியாளரின் கியாதியையும் அறிந்தபின் சொல்லப்படும் அபிப்பிராயத்தில் செவியின் பங்கு எவ்வளவு? 1994-இல் ஒலியியல் ஆராய்ச்சியாளர்களான ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 40 பேரைக் கொண்டு நடத்திய பரீட்சையில், கண்ணால் கண்டு கேட்டபோது கிடைத்த மதிப்பெண்கள், கருவிகளைத் திரையிட்டு மறைத்ததும் வெகுவாக மாறிவிட்டன.

அதற்கு முன்பே, கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் டூல் செய்த ஆராய்ச்சியில், கருவியைக் காணாமல் கேட்டவர்களில் பெரும்பாலோர் விரும்பியவை, எதிரொலியற்ற அறையில் நேர்முகத்திலும் பக்கவாட்டிலும் சீராக ஒலிப்பவையென அளக்கப்பட்ட கருவிகளே என்று தெளிவாயிற்று. ஆகவே அளவீடு, ரசனைக்குச் சாட்சி சொல்ல வந்த நண்பனேயன்றிப் பகைவனல்லன்.

மேலும், ஏறக்குறைய 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே கேட்பதைப் பெரிதும் நிர்ணயிப்பது அறையே ஆதலால், கடையில் பெற்ற ஆனந்தம் வீட்டிலும் வாய்க்கும் என்பது நிச்சயமன்று. பெருந்தொகை செலவிட முன்வரும் ரசிகர், அளவீடுகளைக் கொண்டு சிலவற்றைப் பொறுக்கி, அவற்றை ஒரே ஒலியளவில் பெயர் மறைத்துக் கேட்டு, இறுதியில் தம் அறையிலேயே வைத்துத் தீர்மானிப்பாராக.