பெட்டி கையில் இருக்கு, கேம் எங்கே? 85 எம்பி டிஸ்க்கும் நின்டெண்டோவின் 'சாவி அட்டை'யும்

2025 மே மாதம் 'டூம்: தி டார்க் ஏஜஸ்' கேமின் பிளேஸ்டேஷன் 5 டிஸ்க்கை வாங்கி, பிளாஸ்டிக் உறையைக் கிழித்து, ஆசையாகக் கன்சோலில் போட்டவர்களுக்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. டிஸ்க்கில் இருந்தது வெறும் 85 எம்பி. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வரும் கல்யாண வீடியோவே சில சமயம் அதைவிடப் பெரிதாக இருக்கும். மிச்சம் 80 ஜிபிக்கும் மேல் இணையத்தில் இருந்துதான் இறங்க வேண்டும். அமெரிக்காவில் இதன் விலை 69.99 டாலர்.

டிஸ்க்கில் இடம் இல்லையா? இருக்கிறது. பிளேஸ்டேஷன் 5 பயன்படுத்தும் அல்ட்ரா ஹெச்டி ப்ளூ-ரே டிஸ்க்கில் 100 ஜிபி வரை எழுதலாம். அதில் 85 எம்பி என்றால் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

'அதான் எல்லார் வீட்டிலும் வைஃபை இருக்கே, டவுன்லோடு பண்ணிட்டுப் போக வேண்டியதுதானே?' என்று கேட்கலாம். ஆனால் டிஸ்க் வாங்குபவர்களில் பலர், டவுன்லோடு செய்யாமல் தப்பிக்கத்தான் டிஸ்க்கையே வாங்குகிறார்கள்.

80 ஜிபி இறங்க எவ்வளவு நேரம்?

100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு முழு வேகத்தில் கிடைத்தால், ஒரு மணி நேரம் 47 நிமிடம். 30 எம்பிபிஎஸ் பிளான் என்றால் கிட்டத்தட்ட 6 மணி நேரம். அதுவும் வீட்டில் வேறு யாரும் ஓடிடி பக்கம் போகாமல் இருந்தால்.

இந்தியாவில் ஓர் இணைப்பை 'பிராட்பேண்ட்' என்று அழைக்க வேண்டுமானால் இருக்க வேண்டிய குறைந்தபட்ச வேகம் 2 எம்பிபிஎஸ். 2023-ல்தான் அது 512 கேபிபிஎஸ்ஸில் இருந்து இந்த அளவுக்கு உயர்த்தப்பட்டது. அந்த வேகத்தில் 80 ஜிபி இறங்க மூன்று நாள் 17 மணி நேரம் ஆகும். தினமும் 2 ஜிபி தரும் மொபைல் பிளானில் ஹாட்ஸ்பாட் போட்டு இறக்கினால் 40 நாள். வெள்ளிக்கிழமை டிஸ்க் வாங்கி வீக்எண்டில் விளையாடலாம் என்று நினைப்பவர், அடுத்த மாச வீக்எண்டைத்தான் பார்க்க வேண்டும்.

இது எப்போ ஆரம்பிச்சது?

பிளேஸ்டேஷன் 2 காலத்தில் கதை எளிமை. டிஸ்க்கைப் போட்டால் கேம் ஓடும். கீறல் விழாத வரைக்கும் பிரச்னை இல்லை.

கம்ப்யூட்டரில் விளையாடுபவர்கள் இந்த மொத்தச் சர்ச்சையையும் பார்த்துச் சிரிக்கக்கூடும். அவர்களுக்கு இது 20 வருடப் பழைய கதை. 2004 நவம்பரில் வெளியான 'ஹாஃப்-லைஃப் 2' கேமைக் கடையில் பெட்டியாக வாங்கினாலும், 'ஸ்டீம்' மூலம் இணையத்தில் ஆக்டிவேட் செய்தால்தான் ஓடும். அங்கே இருந்து, பெட்டிக்குள் ஒரு துண்டுச்சீட்டில் கோடு மட்டும் வைத்து விற்கும் நிலைக்கு பிசி கேம்கள் வந்து சேர்ந்தன. இன்று பிசியில் டிஸ்க் டிரைவே இல்லை.

கன்சோலில் இது மெதுவாக நுழைந்தது. 2015-ல் வந்த 'டோனி ஹாக்ஸ் ப்ரோ ஸ்கேட்டர் 5' டிஸ்க்கில் 4.6 ஜிபி இருந்தது. வெளியான அன்றே இறக்க வேண்டிய அப்டேட் 7.7 ஜிபி. அந்த அப்டேட் இல்லாமல் டுட்டோரியலும், சொந்தமாக ஸ்கேட் பார்க் அமைக்கும் பகுதியும் மட்டும்தான் வேலை செய்தன. 2017-ல் நின்டெண்டோ ஸ்விட்ச்சுக்கு வந்த 'எல்.ஏ. நுவார்' கார்ட்ரிட்ஜை வாங்கியவர்கள் கூடுதலாக 14 ஜிபி இறக்க வேண்டியிருந்தது. 2022-ல் 'கால் ஆஃப் டூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2' டிஸ்க்கில் இருந்தது சுமார் 70 எம்பி. 'டூம்' அந்த வரிசையில் இன்னொன்று, அவ்வளவுதான்.

'சாவி அட்டை'ன்னா என்ன?

2025 ஜூன் 5-ம் தேதி நின்டெண்டோ ஸ்விட்ச் 2 வெளியானது. அதோடு 'கேம்-கீ கார்டு' என்ற புதிய வகையும் வந்தது. பார்க்க வழக்கமான கேம் கார்டு போலவே இருக்கும். ஆனால் உள்ளே கேம் கிடையாது. அது ஒரு சாவி. ஸ்விட்ச் 2-ல் செருகினால் முழு கேமையும் நின்டெண்டோவின் சர்வரில் இருந்து இறக்க அனுமதி கிடைக்கும். இறங்கி முடித்து முதல் முறை திறக்கும் வரைதான் இணையம் வேண்டும். அதன் பிறகு இணையம் இல்லாமலும் ஆடலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் அட்டை செருகியிருக்க வேண்டும்.

'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6' இப்படித்தான் வந்தது. சுமார் 50 ஜிபி இறங்க வேண்டிய கேம், சரி. ஆனால் 'பிரேவ்லி டிஃபால்ட்' ரீமாஸ்டரும் இப்படித்தான் வந்தது. அதன் அளவு சுமார் 11 ஜிபிதான். 'கேம் பெருசாயிடுச்சு, அட்டையில் அடங்கல' என்ற விளக்கம் இந்த இடத்தில் செல்லாது.

இன்னொரு சிக்கல், சேமிப்பிடம். ஸ்விட்ச் 2-ன் உள் நினைவகம் 256 ஜிபி. கேம் முழுதாக இருக்கும் கார்டு என்றால் அட்டையில் இருந்தே ஓடும், உள் நினைவகத்தில் பெரிதாக இடம் பிடிக்காது. சாவி அட்டையோ முழு கேமையும் கன்சோலுக்குள் கொண்டுவந்து உட்கார வைக்கும். 50 ஜிபி கேம் ஐந்து போட்டால் 'இடம் இல்லை' என்று வந்து நிற்கும். அப்போது மெமரி கார்டு வாங்க வேண்டும். பழைய போனில் இருக்கும் மைக்ரோஎஸ்டி கார்டு இதற்கு ஆகாது. புதிய, விலை கூடுதலான 'மைக்ரோஎஸ்டி எக்ஸ்பிரஸ்' வகைதான் வேண்டும். பெட்டியின் விலையோடு இந்தச் செலவையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

ஆனால் ஒரு விஷயத்தில் நின்டெண்டோவைப் பாராட்டியே ஆக வேண்டும். சாவி அட்டைப் பெட்டியின் முன்பக்க அடியில், சாவிப் படம் போட்டு, 'இது கேம்-கீ கார்டு, முழு கேமையும் இணையத்தில் இருந்து இறக்க வேண்டும்' என்று அச்சடிக்கப்பட்டிருக்கிறது. டிஸ்க் உலகத்தில் இந்த நேர்மை குறைவு. 85 எம்பி டிஸ்க்கும் 85 ஜிபி டிஸ்க்கும் கடை அலமாரியில் ஒரே மாதிரி மின்னும். வித்தியாசம் பெட்டியின் ஓரத்தில் எங்கேயாவது பொடி எழுத்தில் இருந்தால் உண்டு. சமூக வலைதளங்களில் சாவி அட்டைக்குக் கிடைத்த திட்டில் பாதியாவது வெற்று டிஸ்க்குகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

நிறுவனங்கள் ஏன் இப்படிச் செய்கின்றன?

முதல் காரணம் காசு. கார்ட்ரிட்ஜில் இருப்பது ஃப்ளாஷ் மெமரி. கொள்ளளவு கூடக் கூட விலை ஏறும், அந்தச் செலவு கேமை வெளியிடும் நிறுவனத்தின் தலையில் விழும். டிஸ்க்குக்கு அந்தளவு செலவு இல்லை என்பதால், இந்தச் சமாதானம் 'டூம்' விஷயத்தில் பெரிதாக எடுபடாது.

இரண்டாவது நேரம். டிஸ்க் அச்சடித்து, பெட்டியில் போட்டு, கப்பலேற்றி உலகம் முழுக்கக் கடைகளில் சேர்க்க வாரக்கணக்கில் ஆகும். அதனால் அச்சுக்குப் போகும் பிரதியை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். இதைத்தான் 'கோல்டு போயிடுச்சு' என்கிறார்கள். கேமில் வேலை அதன் பிறகும் நடக்கும். நல்ல உதாரணம் 'சைபர்பங்க் 2077'. 2020 அக்டோபர் 5-ம் தேதி கோல்டு என்று அறிவித்தார்கள். அதே மாதம் 27-ம் தேதி, வெளியீட்டை டிசம்பர் 10-க்குத் தள்ளி வைத்தார்கள். கடைசியில் டிஸ்க்கோடு 40 ஜிபிக்கும் மேல் அப்டேட் இறங்கியது. அப்படியும் கேம் எந்த லட்சணத்தில் ஓடியது என்பது தெரிந்த கதை.

'டிஸ்க்கில் போட்டாலும் எப்படியும் அப்டேட் இறக்கத்தான் போறீங்க, அப்புறம் எதுக்கு டிஸ்க்கில் போடணும்?' என்று நிறுவனங்கள் யோசிப்பது இங்கே இருந்துதான். கேமே இல்லாத டிஸ்க் முன்கூட்டியே கடையில் இருந்து வெளியே போனாலும் கதை லீக் ஆகாது என்பது கூடுதல் லாபம்.

மூன்றாவது வேகம். இதில் உண்மையும் இருக்கிறது. பிளேஸ்டேஷன் 5-ன் எஸ்எஸ்டி, ஒரு விநாடிக்கு 5.5 ஜிபி படிக்கும். டிஸ்க்கால் அதன் அருகில்கூட வர முடியாது. அதனால் டிஸ்க்கில் முழு கேம் இருந்தாலும் அதை எஸ்எஸ்டியில் இன்ஸ்டால் செய்துதான் ஆட முடியும். அதன் பிறகு டிஸ்க்கின் வேலை, 'இவர் வாங்கியவர்தான்' என்று கன்சோலுக்குச் சாட்சி சொல்வது மட்டுமே. ஒரு வகையில் எல்லா டிஸ்க்கும் சாவிதான். ஸ்விட்ச் 2-க்கு வந்த 'ஸ்டார் வார்ஸ் அவுட்லாஸ்' ஏன் சாவி அட்டையில் வந்தது என்பதற்கும், கார்டின் வேகம் போதவில்லை என்றே அதை உருவாக்கியவர்களில் ஒருவர் காரணம் சொன்னார்.

ஆனால் மனது வைத்தால் முடியும் என்பதற்கும் சாட்சி உண்டு. 'பால்டர்ஸ் கேட் 3' எக்ஸ்பாக்ஸ் பெட்டியில் நான்கு டிஸ்க்குகள் இருந்தன. 2020-ல் அத்தனை பேச்சு வாங்கிய அதே 'சைபர்பங்க் 2077', ஸ்விட்ச் 2-க்கு 64 ஜிபி கார்டில் முழுதாக வந்தது.

நஷ்டம் யாருக்கு?

பாதி விலைக்கு செகண்ட் ஹேண்ட் டிஸ்க் வாங்கி, முடித்ததும் விற்று, அந்தக் காசில் அடுத்ததை வாங்கி ஓட்டும் மாணவர்கள் நிறைய. நின்டெண்டோவின் சாவி அட்டையை விற்கலாம், நண்பருக்குக் கொடுக்கலாம். அது யாருடைய கணக்கோடும் கட்டப்படவில்லை. பெட்டிக்குள் கோடு மட்டும் இருந்தால் அந்த வழியும் அடைபடும். ஒரு முறை பதிந்துவிட்டால் பெட்டி வெறும் அட்டைதான். ஆக, சாவி அட்டை கோடைவிட மேல், முழு கார்டைவிடக் கீழ்.

பெரிய கேள்வி, 15 வருடம் கழித்து என்ன ஆகும் என்பது. வீ யூ, 3டிஎஸ் கன்சோல்களுக்கான ஆன்லைன் கடையில் புதிதாக வாங்குவதை 2023 மார்ச் 27-ம் தேதியோடு நின்டெண்டோ நிறுத்தியது. ஏற்கெனவே வாங்கியதை மறுபடி இறக்கும் வசதியை மட்டும் விட்டு வைத்தது. அதற்கு முடிவு தேதி சொல்லப்படவில்லை, வாக்குறுதியும் இல்லை. நாளை ஸ்விட்ச் 2 சர்வர் மூடப்பட்டால், அதற்கு முன் இறக்கி வைக்காதவரின் கையில் இருப்பது பிளாஸ்டிக் துண்டு.

இதை விளையாட்டுப் பிள்ளைகளின் கவலை என்று ஒதுக்க முடியாது. ஜப்பானின் தேசிய நூலகமான தேசிய டயட் நூலகம், புத்தகங்களைப் போல வீடியோ கேம்களையும் 2000-ம் ஆண்டு முதல் சட்டப்படி சேகரித்துப் பாதுகாக்கிறது. சாவி அட்டையில் உள்ளடக்கம் எதுவும் இல்லை என்பதால் அது தங்கள் சேகரிப்பில் வராது என்று 2025-ல் அந்த நூலகம் தெரிவித்தது. கேம்களின் தாய்வீட்டில், நூலகமே 'இது கேம் இல்லை' என்று சொல்லும் நிலை.

டிஸ்க்கில் எல்லாம் இருந்தால் மட்டும் போதும் என்றும் சொல்லிவிட முடியாது. யுபிசாஃப்ட்டின் 'தி க்ரூ' கார் ரேஸ் கேம் டிஸ்க்கிலும் விற்கப்பட்டது. தனியாக ஆடினாலும் சர்வர் இணைப்பு வேண்டும். 2024 மார்ச் 31-ம் தேதி சர்வர் மூடப்பட்டது, டிஸ்க் வைத்திருந்தவர்களும் வெறும் கையோடு நின்றார்கள். அதில் இருந்து பிறந்த 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்துக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள்.

சட்டம் என்ன சொல்லுது?

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. டிஜிட்டல் கேமை விற்கும்போது, அது வெறும் உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் 'வாங்குங்கள்' என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. நல்ல தொடக்கம். ஆனால் அது டிஜிட்டல் விற்பனைக்கானது. கடையில் பெட்டியாக விற்கும் கேமின் டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி அது பேசவில்லை.

இந்தியாவில் பத்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டிலும் நிகர எடை அச்சிட வேண்டும். 2011-ம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. சிப்ஸ் பாக்கெட்டில் பாதி காற்று என்று எத்தனை மீம் போட்டாலும், உள்ளே எத்தனை கிராம் என்பது வெளியே எழுதியிருக்கும். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் கேம் பெட்டியில், 'டிஸ்க்கில் இருப்பது இவ்வளவு, இறக்க வேண்டியது இவ்வளவு' என்று பிஸ்கட் அளவுக்காவது எழுதக் கேட்பது பெரிய கோரிக்கை இல்லை.

அது வரும் வரை, வாங்கும் முன் பார்க்க இரண்டு இடம் இருக்கிறது. ஸ்விட்ச் 2 என்றால் பெட்டியின் முன்பக்க அடியில் சாவிப் படம் இருக்கிறதா என்று பாருங்கள். நின்டெண்டோ இந்தியாவில் நேரடியாகக் கடை விரிக்காததால் துபாய், சிங்கப்பூரில் இருந்து வரும் உறவினரிடம் சொல்லி வாங்குபவர்கள், பெட்டியை முதலில் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வது நல்லது. பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் டிஸ்க் என்றால் 'டஸ் இட் ப்ளே' என்ற தன்னார்வக் குழுவின் பட்டியலில் பெயரைத் தேடலாம். இணையத்தைத் துண்டித்துவிட்டு டிஸ்க்கைப் போட்டு, கேம் ஓடுகிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதித்துப் பதிவு செய்கிறார்கள். 'டூம்' டிஸ்க்கில் 85 எம்பிதான் என்ற விஷயத்தை வெளியே கொண்டுவந்ததும் அவர்கள்தான்.